இங்கே ‘அது’ செல்லாது

காலணிக்காரர் தன் பையைத் தொலைத்ததற்குக் காரணம் அவருடைய நல்ல குணம்தான். பதினேழாம் எண் பேருந்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் இரண்டு பெரிய பைகளோடு இறங்கத் தடுமாறினாள். இவர் எழுந்து இரண்டையும் வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கி, அவள் கையையும் பிடித்து இறக்கிவிட்டார். “நல்லா இருங்கண்ணா” என்று சொல்லிவிட்டு அவள் போனாள். பேருந்தும் போனது. இருக்கைக்கு அடியில் வைத்திருந்த இவருடைய நீலத் துணிப்பையும் அதோடு போனது.

பைக்குள் இருந்தது ஒரு ஜோடி ஷூ. அவருடைய தங்கை மகளுக்காகச் செய்தது. அவளுக்கு எட்டு வயது. இடது கால் வலது காலைவிட இரண்டு விரற்கடை குட்டை. பள்ளி நாடகத்தில் மூன்று வருடமாக அவளுக்கு மரம் வேடம்தான் கிடைத்துவந்தது. மரம் நடக்க வேண்டியதில்லை என்பது டீச்சரின் கருணை. அவளும் குறைசொல்லாமல் மூன்று வருடமும் மூன்று விதமான மரமாக நின்றாள். இந்த வருடம் டீச்சரிடம் போய், “மிஸ், எங்க மாமா எனக்கு ஷூ செய்றாங்க. நான் நடப்பேன்” என்று சொல்லித் தபால்காரர் வேடத்தை வாங்கிவிட்டாள். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். நாடகம் நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு.

ஆகவே காலணிக்காரர் மறுநாளே, அலுவலகம் திறக்கும் முன்பே, நகரப் பேருந்துக் கழகத்தின் தொலைந்த பொருள் அலுவலக வாசலில் போய் நின்றார். கடவுள் அவரைக் கைவிடவில்லை. கதவு திறந்ததும் கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் அந்த நீலப்பை அவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

“அம்மா, அதோ இருக்குங்க. அதுதான்” என்றார்.

கவுண்ட்டர் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. “எது?”

“அதுங்க. நீலமா இருக்குதே, அது.”

அந்த அம்மா பேனாவால் சுவரைக் காட்டினார். ‘எச்சில் துப்பாதீர்கள்’ என்ற பலகைக்கும் ‘புகைபிடிக்காதீர்கள்’ என்ற பலகைக்கும் நடுவில், இரண்டையும்விடப் பெரிய எழுத்தில் ஒரு பலகை இருந்தது: ‘இங்கே பிரதிபெயர்ச் சொற்கள் செல்லாது.’

“அது, இது, என்னுது, உன்னுது எதுவும் இங்க எடுபடாது. விண்ணப்பம் இங்கிலீஷ்ல இருக்கணும். முழுக்க பெயர்ச்சொல்லா இருக்கணும். இலக்கண வகுப்பு முடிச்சதுக்குச் சீட்டு இணைச்சிருக்கணும். மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல.”

இந்த விதிக்கு ஒரு வரலாறு உண்டு. ஏழு வருடங்களுக்கு முன் ஒருவர் தன் விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில், ‘இட் இஸ் மைன், கிவ் இட் டு மீ’ என்று எழுதினார். அதே நாளில் இன்னொருவரும் எழுத்துப் பிசகாமல் அதையே எழுதினார். முதலாமவர் தொலைத்தது ஒரு கைத் தையல் இயந்திரம். இரண்டாமவர் தொலைத்தது பல் செட். அலுவலகம் இரண்டு விண்ணப்பங்களையும் சமமாக மதித்து, மாற்றிக் கொடுத்துவிட்டது. விசாரணைக் குழு ஒன்று பதினாலு மாதம் உட்கார்ந்து, தவறு அலுவலர் யாரிடமும் இல்லை, ‘இட்’டிடம்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. அன்று முதல் அந்தக் கட்டடத்துக்குள் அந்தச் சொல்லுக்கு அனுமதி இல்லை.

மூன்றாவது மாடியில் வகுப்பறை தயாராக இருந்தது. முன் பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். குழாய் ரிப்பேர் செய்கிறவர். நான்கு மாதத்துக்கு முன் ஒரு குடையைத் தொலைத்துவிட்டு அன்றிலிருந்து வந்துகொண்டிருப்பதால் எல்லாரும் அவரைக் குடைக்காரர் என்றே அழைத்தார்கள்.

“புதுசா?” என்றார் குடைக்காரர், நகர்ந்து இடம்விட்டபடி. “ஜன்னல் பக்கம் உட்காராதீங்க. வெயில் வரும். நான் சேர்ந்தப்ப மழை வந்துச்சு.”

“நாலு மாசமா பாஸ் ஆகலையாண்ணே?”

“ஏழு தடவை பாஸ் ஆயிட்டேன். கீழ போய் ஃபார்ம் எழுதுறப்ப கை தன்னால ‘மை அம்ப்ரெல்லா’ன்னு எழுதிடுது. ‘மை’ கூடாதாம். திரும்ப மேல அனுப்பிடுறாங்க. எங்க வீட்டுல பேரப்பிள்ளைங்க இப்ப என்கிட்டதான் இங்கிலீஷ் ஹோம்வொர்க் கேக்குறாங்க.”

இலக்கண அலுவலர் உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர். நடக்கும்போது வலது காலில் மட்டும் ‘சப், சப்’ என்று சத்தம் கேட்டது. காலணிக்காரரின் கண் பழக்கதோஷத்தில் கீழே போனது. அலுவலரின் ஷூவின் அடித்தோல் முன்பக்கம் பிரிந்து, ஒவ்வொரு அடிக்கும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“பெயர்ச்சொல் என்பது என்ன?” என்று அலுவலர் தொடங்கினார். “ஓர் ஆளையோ, இடத்தையோ, பொருளையோ குறிக்கும் சொல். பிரதிபெயர் என்பது என்ன? பெயர்ச்சொல் வேலைக்கு வராத நாளில் அதன் நாற்காலியில் உட்காரும் சொல். அப்படிப்பட்ட சொல்லிடம் பொறுப்பு இருக்குமா? நான் பதினெட்டு வருடமாக இந்த அலுவலகத்தில் இருக்கிறேன். தொலைந்த பொருள் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அத்தனைக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொல் எனக்குத் தெரியும். பொருள் இன்று இருக்கும், நாளை இருக்காது. பெயர்ச்சொல் பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கும்.”

குடைக்காரர் தலையாட்டினார். எட்டாவது தடவையாகக் கேட்கிறார்.

“பெயர்ச்சொல்லில் வகைகள் உண்டு. ஓர் ஆளுக்கோ ஊருக்கோ மட்டும் உரியது சிறப்புப் பெயர். எல்லாருக்கும் பொதுவானது பொதுப் பெயர். கையால் தொட முடியாதது பண்புப் பெயர். பொறுமை, உண்மை, அன்பு இதெல்லாம் பண்புப் பெயர். குடை எந்த வகை?”

“பண்புப் பெயருங்க” என்றார் குடைக்காரர்.

“எப்படி?”

“நாலு மாசமா தொட முடியலீங்களே.”

அலுவலர் சிரிக்கவில்லை. அப்படிச் சிரிக்க அவருக்கு அதிகாரம் இருந்ததா என்பதும் தெளிவில்லை. இரண்டு மணி நேரம் வகுப்பு நடந்தது. காலணிக்காரர் சீட்டு வாங்கிக்கொண்டு, படிகளில் இறங்கும்போதே ‘ஷூஸ், ஷூஸ்’ என்று மனப்பாடம் செய்துகொண்டு கவுண்ட்டருக்கு வந்து, விண்ணப்பத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் பெரிதாக எழுதிக் கொடுத்தார். அவருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அலமாரியில் நீலப்பை இல்லை.

“பிரிச்சு வகைப்படுத்தியாச்சு” என்றார் கவுண்ட்டர் அம்மா. தலையணை அளவு இருந்த பதிவேட்டைத் திறந்து விரலை ஓட்டினார். அந்த அலுவலகத்துக்கு ஒரே பதிவேடுதான். “ஜோடி ஷூன்னு ஒண்ணும் இல்லையே. ஒத்தை ஷூ ஒண்ணு இருக்கு, அடி தடிப்பு. இன்னொரு ஒத்தை ஷூ இருக்கு, அடி மெலிசு. தடிப்பு அ பிரிவுக் கிடங்கு, மெலிசு ஆ பிரிவுக் கிடங்கு.”

“அம்மா, ரெண்டும் ஒரே ஜோடிதாங்க. ஒரே பையிலதானே இருந்துச்சு?”

“ஜோடின்னா ஒரே மாதிரி இருக்கணும். இது ஒண்ணு உசரம், ஒண்ணு குட்டை. அப்ப ரெண்டு பேருது. ரெண்டு பேரும் தனித்தனியா வந்து எழுதிக் கொடுக்கட்டும்.”

“ரெண்டு பேரு ஒரே பையிலயாம்மா ஒவ்வொரு ஷூவைப் போட்டுத் தொலைப்பாங்க?”

“அதை எல்லாம் நாங்க கேக்குறதில்ல. மத்தவங்க சொந்த விஷயம்.”

காலணிக்காரர் மேலதிகாரியிடம் போனார். மேலதிகாரியின் அறை இரண்டாவது மாடியில் இருந்தது. அவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

“உங்க கவலை எனக்குப் புரியுது” என்றார். “ஆனா எங்க சாதனையை நீங்க புரிஞ்சுக்கணும். வருஷத்துக்கு ஒன்பதாயிரம் பொருள் இங்க வருது. ஏழு வருஷமா ஒரு பொருள்கூடத் தப்பான ஆளுக்குப் போனதில்ல.”

“சரியான ஆளுக்குங்க?”

“அந்தப் புள்ளிவிவரம் நாங்க எடுக்குறதில்ல. முதல்ல தப்பு நடக்காம இருக்கணும். ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தப்பு நடக்க வாய்ப்பு வருது, பாருங்க. சரி, உங்களுக்காக ஒரு வழி சொல்றேன். ஒரே ஆள் நேர்ல வந்து, ரெண்டு ஷூவையும் என் கண்ணு முன்னால போட்டு நடந்து காட்டினா ஜோடின்னு ஏத்துக்கிறேன். நடங்க, பார்ப்போம்.”

“எனக்கில்லீங்க. என் தங்கச்சி பொண்ணுக்கு. நான் செஞ்சு கொடுத்தது.”

மேலதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப நீங்க உரிமையாளர் இல்ல. உரிமையாளருக்குப் பதிலா வந்து நிக்கிறவர். பெயருக்குப் பதிலா நிக்கிறதுக்குப் பேர் என்னன்னு மேல வகுப்புல சொன்னாங்களா?”

“பிரதிபெயர்” என்றார் காலணிக்காரர், மெதுவாக.

“இங்க அது செல்லாது.” மேலதிகாரி வருத்தத்தோடு கையை விரித்தார். “குழந்தையையே வரச் சொல்லுங்க.”

“அவ ஒரு மாடி ஏறவே சுவத்தைப் பிடிச்சு ஏறுவா. இங்க வரணும்னா அந்த ஷூ வேணும் சார்.”

“ரொம்ப நல்லது. போட்டுக்கிட்டே வரட்டும்.”

காலணிக்காரர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். புதிதாக ஒரு ஜோடி செய்ய நான்கு நாள் ஆகும். அவரிடம் இருந்தது நாளைக் காலை பத்து மணி வரைதான். தங்கைக்கு என்ன சொல்வது? தங்கையையாவது சமாளித்துவிடலாம். சிறுமி ஒன்றும் சொல்ல மாட்டாள். நாலாவது விதமாக ஒரு மரம் ஆகிவிடுவாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

‘சப், சப்’ என்று மேலிருந்து சத்தம் வந்தது. இலக்கண அலுவலர் சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்ததும் காலணிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“சார், அதைக் கழட்டுங்க” என்றார்.

“எதை?” என்று கேட்ட அலுவலர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

காலணிக்காரரின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஊசியும் மெழுகு தடவிய நூலும் இருக்கும். மனசு எவ்வளவு கனமாக இருந்தாலும் கை சும்மா இருக்காத ஆள் அவர். தைக்கத் தொடங்கினார்.

“எத்தனை நாளா இப்படி சார்?”

“ஒரு வருஷமா. குனிஞ்சு பார்க்க நேரமில்ல.” அலுவலர் சிறிது நேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க என்ன தொலைச்சீங்க?”

அந்த அலுவலகத்தில் அன்று முதல்முறையாக ஒருவர் பதிவேடு இல்லாமல் அதைக் கேட்டார். காலணிக்காரர் சொன்னார். மரத்தைச் சொன்னார், தபால்காரரைச் சொன்னார். இடது ஷூவின் அடியில் தக்கையை மூன்று அடுக்காக ஒட்டி, பார்க்கிற கண்ணுக்குத் தெரியாதபடி ஓரத்தைச் சீவிய விதத்தைச் சொன்னார்.

“உயரத்தை எப்படிச் சரியாக் கண்டுபிடிச்சீங்க?”

“அவளோட பள்ளிப் புத்தகங்களைத்தான் சார் காலடியில ஒண்ணொண்ணா வச்சுப் பார்த்தேன். இடுப்பு ரெண்டும் சமமா வரணும். இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் வச்சதும் கிட்டத்தட்ட வந்துடுச்சு. மேல ஒரு மெலிசு நோட்டு வச்சேன். நேரா நின்னுட்டா. புஸ்தகத்தை மிதிக்கக் கூடாதும்பாங்க. ஆனா கடவுள் அதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார்னு நெனைக்கிறேன்.”

அலுவலர், “அந்தப் புத்தகத்தால ஒரு குழந்தை நேரா நின்னதை இப்பத்தான் முதல்முதலா கேள்விப்படுறேன்” என்றார்.

தைத்த ஷூவைப் போட்டு இரண்டு அடி நடந்து பார்த்தார். சத்தம் இல்லை. அந்த அமைதி அவரை ஏதோ செய்திருக்க வேண்டும். கீழே இறங்காமல் விறுவிறுவென்று மேலே ஏறிப் போனார்.

இலக்கண அலுவலருக்கு ஓர் உரிமை உண்டு. வகுப்புக்குத் தேவையான பொருள்களைக் ‘கற்பித்தல் கருவி’ என்ற பெயரில் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வகுப்பு தொடங்கிய ஏழு வருடத்தில் அவர் அதைப் பயன்படுத்தியதே இல்லை. அன்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். அ பிரிவுக் கிடங்கிலிருந்து ஒரு ஷூ, ஆ பிரிவுக் கிடங்கிலிருந்து ஒரு ஷூ, இ பிரிவுக் கிடங்கிலிருந்து ஒரு குடை.

கவுண்ட்டர் அம்மா தாளை மூன்று தடவை படித்தார். “பொருள் வெளிய போனா பதிவேடும் கூடவே போகணும் சார்.”

“கொடுங்க.”

“வகுப்பு எங்க?”

“வகுப்பை எங்க வேணா நடத்தலாம். ரெண்டு மாணவர்கள் இருந்தா போதும்.” அலுவலர் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். “குடைக்காரரே, வாங்க. வகுப்பு.”

பதினேழாம் எண் பேருந்தில் மூவரும் ஏறினார்கள். குடைக்காரர் மடியில் குடையை வைத்துக்கொண்டு, வெயிலும் மழையும் இல்லாத பேருந்துக்குள் அதை ஒருமுறை விரித்துப் பார்த்துச் சுருக்கினார். காலணிக்காரர் இரண்டு ஷூக்களையும் மார்போடு அணைத்திருந்தார். இந்தத் தடவை இருக்கைக்கு அடியில் வைப்பதாக இல்லை. இலக்கண அலுவலருக்குப் பக்கத்தில் பதிவேடு உட்கார்ந்திருந்தது.

வழியில் ஒரு பெரியவர் கைத்தடியோடு ஏறினார். இலக்கண அலுவலர் எழுந்து, பதிவேட்டை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, அவருக்கு இடம் கொடுத்தார். அதுமட்டுமல்ல, அவருடைய நிறுத்தம் வரும் வரை பக்கத்திலேயே நின்று விசாரித்துக்கொண்டு வந்தார். இவர்கள் இறங்க வேண்டியதும் அதே நிறுத்தம்தான். பெரியவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பெரியவர் வாழ்த்திவிட்டுப் போனார். பேருந்தும் போனது.

வீட்டில் தங்கை கதவைத் திறந்தாள். மூன்று பேரைப் பார்த்துப் பயந்தாள். “என்னண்ணா, யாரு இவங்க?”

“கிளாஸ் எடுக்க வந்திருக்காங்க” என்றார் காலணிக்காரர்.

சிறுமி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ஒரு பழைய கவரைக் கையில் வைத்துக்கொண்டு, “உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு” என்று சுவரிடம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

இலக்கண அலுவலர் தரையில் உட்கார்ந்து இரண்டு ஷூக்களையும் அவள் முன்னால் வைத்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். விதிப்படி கேட்டாக வேண்டும். “பாப்பா, இது யாருடையது?”

“என்னோடது” என்றாள் சிறுமி.

குடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ‘என்னோடது’ என்று சொல்லித்தான் அவர் நாலு மாதம் மாடி ஏறினார். அலுவலர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, “ஆமா, உன்னோடதுதான். போட்டுப் பாரு” என்றார்.

அவள் போட்டுக்கொண்டாள். எழுந்தாள். முதலில் சுவரைப் பிடித்தாள். பிறகு பிடித்த கையைத் தானே பார்த்து, எடுத்துவிட்டாள். டக், டக், டக், டக். இரண்டு காலுக்கும் ஒரே சத்தம். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து, கவரை அலுவலர் கையில் கொடுத்தாள். “உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு.”

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அலுவலர் கவரைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. இருந்தாலும் படிப்பதுபோல் சிறிது நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, பதிவேட்டுல எழுதிடுவோம்” என்று கையைப் பக்கவாட்டில் நீட்டினார். பக்கத்தில் குடை மட்டும்தான் இருந்தது.

அவர் முகம் வெளுத்தது. “ஐயையோ. ஒன்பதாயிரம் பொருளும் அதுக்குள்ளதான் இருக்கு. அது இல்லாம ஒருத்தருக்கும் ஒண்ணும் கொடுக்க முடியாதே.”

“பதறாதீங்க சார்” என்றார் காலணிக்காரர். “ஒரு நல்லது செய்யப்போய்த்தானே விட்டுட்டீங்க. கடவுளும் நம்மளப் பத்தி ஒரு பதிவேடு வச்சிருப்பார். அதையும் அவர் எந்த பஸ்லயாவது விட்டுட்டு வந்திருந்தா நமக்கு நல்லதுதானே சார்?”

மறுநாள் காலை நாடகம் நடந்தது. தபால்காரர் மேடையில் ஒரு தடவை நடந்தால் போதும். அந்தத் தபால்காரர் மூன்று தடவை நடந்தார். கடிதம் வாங்க வேண்டியவர் காத்திருந்து காத்திருந்து கடைசியில் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அதே நேரத்தில், பதினேழாம் எண் பேருந்தின் நடத்துநர் இருக்கைக்கு அடியில் கிடந்த ஒரு பெரிய பதிவேட்டைக் கொண்டுவந்து தொலைந்த பொருள் அலுவலகத்தில் ஒப்படைத்தார். கவுண்ட்டர் அம்மா அதைப் பின்னால் இருந்த அலமாரியில் வைத்தார். மேலதிகாரி இரண்டாவது மாடியிலிருந்து ஓடி வந்தார்.

“அப்பாடா. கொடுங்கம்மா அதை.”

“எதை சார்?” என்றார் கவுண்ட்டர் அம்மா.

அந்த அம்மா கெட்டவர் அல்ல. ஏழு வருடமாகச் செய்ததைச் செய்தார், அவ்வளவுதான். மேலதிகாரி விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் ‘எங்களுடைய பதிவேடு’ என்று எழுதினார். ‘எங்களுடைய’ செல்லாது என்பதால் மூன்றாவது மாடிக்கு அனுப்பப்பட்டார். குடைக்காரர் காலி செய்த முன் பெஞ்சில் இடம் இருந்தது. தவிர, பதிவேடு மேலதிகாரியின் சொந்தப் பொருள் அல்ல, அலுவலகத்தினுடையது. உரிமையாளர் நேரில் வர வேண்டும். ஓர் அலுவலகம் தன் கவுண்ட்டருக்குத் தானே நேரில் வருவது எப்படி என்பதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டிருக்கிறது. குழு உட்கார்ந்திருக்கிறது.

பதிவேடு வெளியே வரும் வரை எழுத இடமில்லை. எழுத இடமில்லாததால் விண்ணப்பம் வாங்குவதில்லை. ஆனால் மக்கள் தொலைப்பதை நிறுத்துவார்களா? வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நேற்று ஒரு தச்சர் வந்தார். கவுண்ட்டர் அம்மா வழக்கம்போல் பேனாவை எடுத்தார், எழுத ஒன்றும் இல்லாததால் கீழே வைத்தார். முதல்முறையாகத் திரும்பி அலமாரியைப் பார்த்தார்.

“எதுங்க? அதுவா?”

“அதுதாம்மா.”

“எடுத்துக்கங்க.”